ஃபைல் பாத் பிழை: ஃபோல்டர் கண் முன்னால் இருக்கிறது, பைத்தான் ஏற்க மறுக்கிறது

சலான் மேசை:
வணக்கம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை அலுவலகத்தில் டெலிவரி சலான் பார்ப்பது என் வேலை. தினமும் 60, 70 சலான்களை ஸ்கேன் செய்து, 'கோவை-1432' என்பது போல பார்ட்டியின் (வாடிக்கையாளரின்) பெயரும், அது பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான், எண்ணும் போட்டு, டெஸ்க்டாப்பில் ஒரே ஃபோல்டரில் வைப்பேன். பிறகு பார்ட்டி வாரியாகப் பிரித்துப் போட முக்கால் மணி நேரம் ஆகும். இதற்காகவே இரண்டு மாதமாகப் பைத்தான் என்ற நிரல்மொழி படித்து ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுதினேன். ஃபோல்டரின் பாத்தை, அதாவது கணினியில் அது இருக்கும் முகவரியை, அப்படியே காப்பி செய்து மேற்கோள் குறிக்குள் ஒட்டியிருக்கிறேன். ஓட்டியதும் 'யூனிகோட் எஸ்கேப்' என்று பிழை வருகிறது, இடம் 2-3 என்கிறது. பார்ட்டி ஃபோல்டர்கள் தமிழில் இருப்பதுதான் காரணமா? 40 ஃபோல்டர் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடவா?

இரவுநேர நிரலர்:
மாற்றவே மாற்றாதீர்கள். தமிழுக்கும் இந்தப் பிழைக்கும் சம்பந்தம் இல்லை. 2-3 என்பதுதான் துப்பு. பைத்தான் 0-லிருந்து எண்ணும். டிரைவ் எழுத்து 'சி' 0, கோலன் 1, பேக்ஸ்லாஷ் (\) 2, 'யூசர்ஸ்' என்பதன் பெரிய 'யு' 3. பேக்ஸ்லாஷும் பெரிய 'யு'வும் சேர்ந்து வந்தால், அடுத்து 8 இலக்க யூனிகோட் எண் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினி தரும் எண்) வரப்போகிறது என்று பைத்தான் எடுத்துக்கொள்ளும். எண் வராததால் பிழை.

இதில் பிழையாவது வந்தது. பேக்ஸ்லாஷுக்கு அடுத்துச் சின்ன 'என்' வந்தால் புது வரி, சின்ன 'டி' வந்தால் டேப் என்று சத்தமில்லாமல் பாத்தே மாறிவிடும். திறக்கும் மேற்கோள் குறிக்கு முன்னால் ஒட்டியபடி ஒரு சின்ன 'ஆர்' போடுங்கள், பேக்ஸ்லாஷை அப்படியே எடுத்துக்கொள்ளும்; அல்லது எல்லாவற்றையும் முன்பக்கம் சாயும் ஸ்லாஷாக (/) மாற்றுங்கள். விண்டோஸ் இரண்டையும் ஏற்கும். (1983-இல், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் 2.0-வில் ஃபோல்டர்கள் வந்தபோது, ஸ்லாஷ் ஏற்கெனவே கட்டளைகளின் விருப்பக் குறியாகப் பயன்பட்டு வந்தது. அதனால்தான் பேக்ஸ்லாஷ்.) நான் எப்போதும் ஸ்லாஷ்தான் போடுவேன். 'ஆர்' போட்ட பாத் ஒற்றைப் பேக்ஸ்லாஷில் முடிந்தால் அதற்கும் பிழை வரும்.

சலான் மேசை:
நன்றி அண்ணா, ஸ்லாஷ் போட்டதும் ஓடிவிட்டது. தினமும் மாலை 7 மணிக்குத் தானாக ஓடட்டும் என்று, குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டேன். ஒரு சலான்கூட நகரவில்லை. கறுப்பு ஜன்னல் திறந்த வேகத்தில் மூடிவிடுவதால், போனில் வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் படித்தேன். பார்ட்டி பட்டியல் ஃபைல் இல்லை என்கிறது. ஸ்கிரிப்டுக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறது. நானே டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) ஓட்டினால் கிடைக்கிறது.

மதுரை சர்வர் அறை:
வீடியோ எடுத்தது நல்ல வேலை, பிழைச் செய்தி இல்லாமல் யாரும் உதவ முடியாது. பட்டியலின் பெயரை மட்டும் கொடுத்திருப்பீர்கள். அப்படிக் கொடுத்தால் பைத்தான் ஸ்கிரிப்டுக்குப் பக்கத்தில் தேடாது, அந்த நேரத்து நடப்பு ஃபோல்டரில் தேடும். நீங்கள் ஓட்டும்போது டெர்மினல் அந்த ஃபோல்டரிலேயே நிற்கிறது, அதனால் கிடைக்கிறது. ஷெட்யூலரில் 'ஸ்டார்ட் இன்' கட்டத்தைக் காலியாக விட்டால் நடப்பு ஃபோல்டர் விண்டோஸின் சொந்த ஃபைல்கள் இருக்கும் சிஸ்டம்32 ஆகிவிடும். அங்கே உங்கள் பட்டியல் எப்படி இருக்கும்?

அந்தக் கட்டத்தில் ஸ்கிரிப்ட் ஃபோல்டரின் பாத்தைப் போடலாம், மேற்கோள் குறி இல்லாமல். ஆனால் ஷெட்யூலரை நம்பாமல் ஸ்கிரிப்டுக்குள்ளேயே சரிசெய்வதுதான் எனக்குப் பிடித்த வழி. பைத்தானோடு வரும் பாத்லிப் மாட்யூலின் (துணைத் தொகுப்பின்) 'பாத்'துக்குள், இருபுறமும் இரட்டை அடிக்கோடு கொண்ட 'ஃபைல்' என்பதைக் கொடுத்து, 'ரிசால்வ்', அப்புறம் 'பேரன்ட்' எடுங்கள். ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர் கிடைத்துவிடும். பட்டியலின் பாத்தை அதிலிருந்து கட்டுங்கள். பிறகு எங்கிருந்து ஓட்டினாலும் கவலை இல்லை.

கூடவே ஒன்று. மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பான ஒன்டிரைவ் பேக்கப் இயங்கினால் டெஸ்க்டாப் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் போயிருக்கலாம். பாத்தை நினைவிலிருந்து தட்டாமல் ஃபோல்டரைத் திறந்து முகவரிப் பட்டையில் பார்த்து எடுங்கள்.

சலான் மேசை:
நேற்று 7 மணிக்குத் தானாக ஓடியது! ஆனால் இன்று காலை பார்த்தால் 'கோவை' என்று இரண்டு ஃபோல்டர் அருகருகே நிற்கின்றன. பழையதில் பழைய சலான்கள், புதியதில் நேற்றையவை. 'ஈரோடு', 'பொள்ளாச்சி' இரண்டும் அப்படியே. சேலம், கரூர், மதுரை சரியாக இருக்கின்றன. ஃபோல்டர் இல்லையென்றால் உருவாக்கு என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி உண்டு. பெயரின் ஓரத்தில் இடைவெளி ஏதும் இல்லை, பார்த்துவிட்டேன். ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் எப்படி இருக்க முடியும்?

எழுத்துரு ஆர்வலர்:
நீங்கள் கொடுத்த பட்டியலிலேயே விடை இருக்கிறது. கோ, ரோ, பொ. மாட்டிய மூன்று ஊரிலும் எழுத்துக்கு இருபுறமும் வரும் உயிர்க்குறி இருக்கிறது. சேலத்திலும் கரூரிலும் மதுரையிலும் அது இல்லை.

யூனிகோட்டில் 'கோ' எழுத இரண்டு வழி. 'க'வும் 'ோ' என்ற ஒரே குறியும் ஒரு வழி. 'க'வுக்குப் பின் இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக வருவது இன்னொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். விண்டோஸுக்கு அவை வேறு வேறு பெயர். 40 ஃபோல்டரையும் உருவாக்கியவர் வேறு கீபோர்டில் அடித்திருப்பார் என்று நினைக்கிறேன். உங்கள் ஸ்கிரிப்ட் தேடிய பெயர் இல்லாததால் புதிதாக உருவாக்கிவிட்டது. சரிபார்க்க, இரண்டு ஃபோல்டர் பெயரையும் பைத்தானில் நீளம் சொல்லும் 'லென்' கொண்டு அளந்து பாருங்கள். ஒன்று 4, மற்றது 5 என்று வரும்.

முதலில் மொத்தத்தையும் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வையுங்கள், சலான் தொலைந்தால் வேலைக்கே சிக்கல். பிறகு சலான்களை ஒரே ஃபோல்டருக்கு மாற்றுங்கள். ஸ்கிரிப்டில் 'யூனிகோட்டேட்டா' மாட்யூலின் 'நார்மலைஸ்' வழியாக, ஃபைல் பெயரிலிருந்து எடுக்கும் பார்ட்டி பெயரையும் ஃபோல்டர் பெயரையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் 'என்எஃப்சி' வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள். பழைய ஃபோல்டர்களையும் ஒருமுறை அதே வடிவத்துக்குப் பெயர் மாற்றிவிடுங்கள். 'கௌ' போன்ற எழுத்து உள்ள பார்ட்டி இருந்தால் தனியாகப் பாருங்கள். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் 'ள' எழுத்தும் அடித்திருந்தால் நார்மலைஸ் அதைத் தொடாது, கையால்தான் திருத்த வேண்டும்.

சலான் மேசை:
அளந்தேன், 4-உம் 5-உம்தான்! நகல் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் சேர்த்தேன். 'கௌரி' என்று ஒரு பார்ட்டி இருந்தது, நீங்கள் சொன்னதுபோலவே 'ள' போட்டு அடித்திருந்தார்கள், திருத்திவிட்டேன். இன்று மாலை 64 சலான், 64-உம் சரியான இடத்தில். ஃபோல்டர்கள் தமிழிலேயே இருக்கின்றன. மூவருக்கும் மிக்க நன்றி.