சூடேறினால் நின்றுவிடும் எம்ஜிபி: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அப்பா விட்டுச்சென்ற 1967 எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் திறந்த காரை மூன்று ஆண்டுகள் பாடுபட்டுச் சீரமைத்து, சென்ற ஞாயிறு முதன்முறையாகக் கூரையை மடக்கிவிட்டு ஓட்டினேன். பினாங்கின் பத்து ஃபிரிங்கி கடற்கரைச் சாலையில் அந்தக் காற்று! அப்பா பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

தெலுக் பஹாங்கில் தே தாரேக் குடித்துவிட்டு வந்து முடுக்கினால், இன்ஜின் திணறி அணைந்துவிட்டது. காருக்குள் இருக்கும் மின்சார பெட்ரோல் பம்ப் மட்டும் படபடவென்று விடாமல் அடித்தது. அரை மணி நேரம் ஆறியதும் நன்றாக ஓடியது.

பெட்ரோலைக் காற்றுடன் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களும் புகைக்குழாய்க்கு மேலேயே இருப்பதால் பெட்ரோல் ஆவியாகிறது என்று நினைக்கிறேன். வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறது. பட்டறைக்காரரோ தீப்பொறி அமைப்பில் உள்ள கன்டென்சரை மாற்றச் சொல்கிறார். அது கெட்டிருந்தால் பம்ப் ஏன் இப்படி அடிக்க வேண்டும்?

நம் ஊர் வெயிலில் எம்ஜிபி ஓட்டுபவர்கள் எதை முதலில் சரிபார்த்தீர்கள்? பட்டர்வொர்த் பக்கம் எஸ்யூ தெரிந்த பட்டறை இருந்தாலும் சொல்லுங்கள், கொண்டுவருகிறேன்.