பழைய பியானோவின் ஒலி: தேய்மானமா, அமைப்பா?

கேள்வி (பாளையங்கோட்டை):
எங்கள் தேவாலயத்துப் பழைய பியானோவைத் திறந்து பார்த்தபோது, கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்காமல் நேராக ஓடுவதைக் கண்டேன். கீழ்ச்சுரங்கள் தெளிவாக, ஆனால் மெலிந்து ஒலிக்கின்றன. இது தேய்மானமா, அமைப்பே இப்படித்தானா?

மறுமொழி (நாசரேத்):
பெரும்பாலும் அமைப்புதான், அண்ணாச்சி. கிராண்ட் பியானோவில் அடிச்சுரக் கம்பிகளை மற்றவற்றின் மேல் குறுக்காகச் செலுத்தும் முறைக்கு 1859இல் ஸ்டைன்வே என்ற பியானோ நிறுவனம் காப்புரிமை பெற்றது. இன்றைய கனத்த, கலந்த முழக்கத்துக்கு அதுவும், மொத்தம் ஏறத்தாழ 20 டன் இழுவிசையைத் தாங்கும் வார்ப்பிரும்புச் சட்டமும் முக்கியக் காரணங்கள். மொசார்ட் வாசித்த வியன்னா வகைப் பியானோவிலோ மரச்சட்டம், மெல்லிய கம்பி, தோல் போர்த்திய சிறு சுத்தியல், ஐந்து எண்மம் (ஸ்தாயி) மட்டுமே. ஒலி சட்டென எழுந்து சட்டென அடங்கும். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைப் போல, அதில் கீழ், நடு, மேல் என ஒவ்வொரு சுரப்பகுதிக்கும் தனிக்குரல் உண்டு.

மறுமொழி (தென்காசி):
ஆகவே புதியதை வளர்ச்சி என்று மட்டும் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 1802இல் வெளியான ‘மூன்லைட்’ சொனாட்டாவின் முதல் பகுதி முழுவதும், கம்பியின் அதிர்வை நிறுத்தும் ஒலியடக்கிகளைத் தூக்கியே வாசிக்கும்படி பீத்தோவன் குறித்திருக்கிறார். இன்றைய பியானோவில் அப்படியே செய்தால் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று குழம்பிவிடும்.

மறுமொழி (அம்பாசமுத்திரம்):
ஒரு வேண்டுகோள்: சுருதி சேர்ப்பவர் வந்ததும் ஒரேயடியாக இன்றைய பொதுச் சுருதி அளவான 440 ஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட வேண்டாம். முதலில் உள்ளே முழு இரும்புச் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் ஏற்றினால் கம்பி அறலாம், மரமும் வளையலாம். ஐப்பசி மழைக்குமுன் கரையானையும் பார்த்துவிடுங்கள்.