கடன் இல்லை, சேமிப்பும் இருக்கிறது, ஆனாலும் பயம் போகமாட்டேன் என்கிறது

நொய்யல்கரை:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், சம்பளம் 28,000. வீட்டுக்காரர் நான்கு மெஷின் போட்டுக் காஜா பட்டன் ஜாப் ஒர்க் செய்கிறார், ஒரு மாதம் 25,000 நிற்கும், இன்னொரு மாதம் 10,000கூடத் தேறாது. பையன் மூன்றாவது படிக்கிறான். வாடகை 7,500, ஏலச்சீட்டு 5,000. பேங்கில் 1,60,000 இருக்கிறது, ஆறு பவுன் நகை வீட்டிலேயே இருக்கிறது, அடகில் இல்லை. யாருக்கும் பத்துப் பைசா தர வேண்டியதில்லை.

ஆனாலும் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் முதலில் போனை எடுத்து பேலன்ஸ் பார்க்கிறேன். பையன் மாம்பழம் கேட்டால், ஒரு கிலோ வாங்கலாம் என்று தெரிந்தும் அரைக் கிலோதான் போடச் சொல்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது எங்கள் கம்பெனிக்கு இரண்டு ஆர்டர் நின்றது, அந்த மாதம் அவருக்கும் வேலை இல்லை, சேமிப்பில் 18,000 எடுத்துச் சமாளித்தோம். சமாளித்துவிட்டோமே என்ற நினைப்பு எனக்கு வரவே இல்லை, அந்த 18,000 போனதுதான் நெஞ்சில் நிற்கிறது.

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாரவட்டிக்காரர் டிவிஎஸ் 50இல் வருவார். அப்பா உள்ளே இருப்பார், "அப்பா ஊர்ல இல்லீங்க" என்று சொல்ல என்னைத்தான் வாசலுக்கு அனுப்புவார்கள். இப்போதும் அந்த மாதிரி வண்டிச் சத்தம் கேட்டால் வயிற்றைப் பிசைகிறது.

எவ்வளவு இருந்தால் உங்களுக்கு "போதும், பயமில்லை" என்று தோன்றியது? அப்புறம், தெரிந்தவர் ஒருவர் அந்த 1,60,000ஐ ஒரு ஃபைனான்ஸில் போடச் சொல்கிறார், நூற்றுக்கு இரண்டு வட்டியாம். போடலாமா?

பழைய கிளார்க், கோபி:
அம்மணி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். போடாதே. பேங்கில் இருக்கும் பணத்துக்கு, அந்த பேங்க் மூழ்கினாலும், ஒரு ஆளுக்கு ஒரு பேங்கில் வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரைக்கும் டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன்னால் அது 1 லட்சமாகத்தான் இருந்தது. தனியார் ஃபைனான்ஸுக்கு அது கிடையாது. நான் வேலை பார்த்த மாதிரியான கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். மாதம் 3,200 வட்டி வரும் என்று நீ போட்டுவிட்டு வந்தால், மூன்று மணிக்கு வருகிற விழிப்பு ஒரு மணிக்கே வரும்.

நகைக்கடன் கவுண்டரில் 26 வருஷம் உட்கார்ந்தவன் நான். நாற்பது பவுனோடு வந்து கை நடுங்க நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன், ஒரே ஒரு சங்கிலியை வைத்துவிட்டு "மஞ்சள் வித்ததும் தை மாசம் திருப்பிடுவனுங்க" என்று சிரித்துக்கொண்டு போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எந்த மாதம் என்ன செலவு வரும், அது எதிலிருந்து வரும் என்று தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். எங்களிடம் கூட்டம் நெரிவது மே கடைசியிலும் ஜூனிலும். ஸ்கூல் ஃபீஸ் வருஷா வருஷம் ஜூனில்தானே வருகிறது, ஆனாலும் பாதிப் பேருக்கு அது திடீர்ச் செலவு.

நீ ஒரு நோட்டு எடு. மாதச் செலவை விட்டுவிடு, அது உனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை வருவதை மட்டும் எழுது. ஃபீஸ் 38,000 என்று வைத்துக்கொள், தீபாவளி 15,000, சீர், மொய் எல்லாம் சேர்த்து 18,000, வண்டி 7,000, ஊர் நோம்பி (கோயில் திருவிழா) 6,000. கூட்டினால் 84,000, மாதத்துக்கு 7,000. அதைச் சம்பளம் வந்த மறுநாளே பிடித்துக்கொள்கிற மாதிரி பேங்கில் ஆர்டி, அதாவது மாதாமாதம் கட்டுகிற டெபாசிட், போட்டுவிடு. சீட்டு முடிந்ததும் அந்த 5,000ஐ இதில் திருப்பிவிடலாம். 1,60,000 வேலை நின்றுபோகிற மாதங்களுக்கு மட்டும், ஃபீஸுக்கும் சீருக்கும் அதில் கைவைக்காதே. போன வருஷம் ஆகஸ்டில் அது தன் வேலையைச் செய்திருக்கிறது, 18,000 போனது நஷ்டம் இல்லை அம்மணி, அதற்காகத்தான் சேர்த்தாய்.

மதுரை அக்கா:
ஐயா சொன்னது சரி, நான் வேறு ஒன்று சொல்கிறேன். 2021 மே மாதம் கொரோனாவில் என் வீட்டுக்காரர் போனார். எந்த பேங்கில் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன கொடுத்திருக்கிறார் எதுவும் எனக்குத் தெரியாது. காரியம் முடிந்து பாஸ்புக்கைப் புரட்டியபோது வருஷத்துக்கு ஒருமுறை 330 ரூபாய் பிடித்திருந்தது, என்னவென்று தம்பியிடம் கேட்டேன், அவன்தான் அது பிரதமர் ஜீவன் ஜோதி இன்சூரன்ஸ் என்றான். கிளெய்ம் போட்டோம், 2 லட்சம் வந்தது. அந்தப் பணத்தில்தான் மகள் காலேஜில் சேர்ந்தாள். அந்த வரி என் கண்ணில் படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

2022 ஜூனிலிருந்து அது 436 ரூபாய், 18லிருந்து 50 வயதுக்குள் சேரலாம். விபத்துக்கு மட்டும் தனியாக 20 ரூபாய் திட்டம் இருக்கிறது, அதுவும் 2 லட்சம். இரண்டு பேரும் இரண்டிலும் சேருங்கள், மே கடைசியில் கணக்கில் பணம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காமல் போய்விடும். உங்கள் சம்பளம் 21,000க்கு மேல் என்பதால் ஈஎஸ்ஐ வராது, அதனால் குடும்பத்துக்கு ஒரு மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம் எடுங்கள், கம்பெனி கொடுப்பதை மட்டும் நம்ப வேண்டாம், வேலை போனால் அதுவும் போய்விடும். நாமினி யார் என்று எல்லாக் கணக்கிலும் பாருங்கள். இன்றைக்கே பாருங்கள்.

குரோம்பேட்டை:
எனக்கு 9 லட்சம் இருந்தபோதும் இதே பயம் இருந்தது, அதனால் தொகை சொன்னால் உதவாது. நீங்கள் வாசலில் நின்று பொய் சொன்ன அந்தக் கதை உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியுமா? நான் என் மனைவியிடம் சொல்லவே ஆறு வருஷம் ஆனது. சொன்ன பிறகு, நான் ஏன் ஹோட்டலில் மெனுவின் வலது பக்கத்தை மட்டும் பார்க்கிறேன் என்று அவளுக்குப் புரிந்தது, சண்டையும் குறைந்தது. பேங்க் ஆப்பை போனிலிருந்து எடுத்துவிட்டேன், ஒன்றாம் தேதி அவள் போனில் இரண்டு பேரும் பார்ப்போம்.

நொய்யல்கரை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அவரும் நானும் உட்கார்ந்து எழுதினோம், மெஷின் சர்வீஸை அவர் சேர்த்ததில் 91,000 வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

ஃபைனான்ஸ்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாமினி பார்த்ததில்தான் அதிர்ச்சி, என் பிஎஃப்பில் இன்னும் அப்பா பேர்தான் இருக்கிறது, அப்பா போய் நான்கு வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்த நாமினேஷன் கல்யாணம் ஆனதும் செல்லாது என்று ஹெச்ஆரில் இன்றைக்குச் சொன்னார்கள், ஆன்லைனிலேயே மாற்றலாமாம், சனிக்கிழமை செய்யப் போகிறேன்.

கோபி ஐயாவுக்கு ஒரு கேள்வி. அடுத்த வருஷம் நாத்தனார் மகளுக்குச் சீர் செய்ய வேண்டும், மாமன் முறை, குறைத்துச் செய்யவும் முடியாது. அதற்குத் தனியாக ஆர்டி போடலாமா, இல்லை சீட்டை எடுத்துவிடலாமா?