பயிற்சிக்குச் செல்லுமாறு பிரெஞ்சு மொழியில் எப்படி அறிவுறுத்துவது?

கேள்வி (மார்த்தாண்டத்திலிருந்து):
நான் ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்துத் தேனீ வளர்ப்பவன். எங்கள் ஊரில் தங்கியிருக்கும் பிரெஞ்சு அம்மையார் ஒருவர், தாமும் இத்தொழிலைக் கற்க விரும்புவதாகச் சொன்னார். பக்கத்தில் நடக்கவிருந்த மூன்று நாள் பயிற்சியில் கலந்துகொள்ளச் சொல்லி, ஆங்கிலத்தின் 'அட்டெண்ட்' என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு, "அத்தாந்தே லா ஃபொர்மாசியோன்" என்று செய்தி அனுப்பினேன். நன்றி சொல்லிப் பதில் எழுதியவர் பயிற்சிக்கு வரவில்லை. அது முடிந்த மறுநாள், பெட்டியிலிருந்து அடையைச் சட்டத்தோடு தூக்கி அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது, "பயிற்சி எப்போது தொடங்கும்? காத்திருக்கச் சொன்னீர்களே" என்று கேட்டார். எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. எந்த வினைச்சொல்லை, எந்த வடிவில் எழுதியிருக்க வேண்டும்? அவர் என்னைவிட மூத்தவர் என்பதால், கட்டளைபோல் ஒலிக்கவும் கூடாது.

பதில் (நாகர்கோவிலிலிருந்து):
'அத்தாந்தே' என்றால் 'காத்திருங்கள்' என்றுதான் பொருள். ஆங்கிலச் சொல்லும் அதுவும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை என்றாலும், பொருளில் வெகுதூரம் விலகிவிட்டன. பயிற்சியைப் பொறுத்தவரை பிரெஞ்சுக்காரர்கள் வழங்கும் வினை 'சுய்வ்ர்', அதாவது 'பின்தொடர்தல்'; ஆகவே "சுய்வே லா ஃபொர்மாசியோன்" என்று எழுதியிருக்க வேண்டும். 'அசிஸ்தே' என்பதும் உண்டு. ஆனால் அதன் பின் 'ஆ' என்ற முன்னிடைச்சொல் வர வேண்டும், அதை விட்டுவிட்டால் 'உதவுங்கள்' என்று பொருள் மாறிவிடும்.

தமிழைப் போலவே அங்கும் ஏவலில் எழுவாய் மறைந்துவிடும். 'நீ' என்று பழகும் நண்பருக்குச் 'சுயி' என்று எழுதலாம். இது 'நான் இருக்கிறேன்' என்பதில் வரும் வினையோடு எழுத்திலும் ஒலியிலும் ஒன்றாகவே இருப்பதால், வாக்கியத்தின் சூழலைக் கொண்டுதான் பிரித்தறிய வேண்டும். 'போ' என்பதற்கு அவர்கள் சொல் 'வா' என்பதையும் நினைவில் வையுங்கள். என் மாணவர்களில் பலர் முதல் நாள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

பதில் (தக்கலையிலிருந்து):
வடிவம் சரி, தொனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் 'நீ'க்கும் 'நீங்க'ளுக்கும் நடுவே 'நீர்' இருக்கிறது. "ஒரு தடவை போய்ப் பாரும்" என்றால் அதில் உரிமையும் இருக்கும், மரியாதையும் குறையாது. பிரெஞ்சில் அந்த நடுப்படி இல்லை. 'து', 'வூ' என்ற இரண்டே இருப்பதால், மூத்தவருக்கு 'வூ'வுக்குரிய வடிவத்தைத் தவிர வேறு வழியில்லை. நம் வியங்கோள் வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய பொருள்களில் வருவதுபோல, அவர்களுடைய ஏவலும் கட்டளை, வேண்டுகோள், அறிவுரை ஆகியவற்றுக்குப் பொதுவானது. எனவே அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் நான் எழுதுவதானால், "வூ தெவ்ரியே சுய்வ்ர் செத் ஃபொர்மாசியோன்" என்றே எழுதுவேன். "இந்தப் பயிற்சிக்குப் போனால் உங்களுக்கு நல்லது" என்று நாம் சொல்வதன் பணிவு அதில் இருக்கிறது.

பதில் (குளச்சலிலிருந்து):
தக்கலை நண்பரோடு நான் முழுவதும் உடன்படவில்லை. அந்த அம்மையார் ஏற்கெனவே ஆவலோடு இருக்கிறார். ஆவலோடு இருப்பவரிடம் ஏவலே நெருக்கமாக ஒலிக்கும். "சுய்வே தோங்க் செத் ஃபொர்மாசியோன்" என்று 'தோங்க்' சேர்த்தால், 'போங்களேன்' என்பதில் உள்ள ஏகாரத்தின் வேலையை அது செய்துவிடும். பெயர் பதியச் சொல்வதானால் 'ஏன்ஸ்க்ரிவே வூ' என்று எழுதுங்கள். அங்கு 'வூ' வினைக்குப் பின்னால் வரும். 'பதியாதீர்கள்' என்று எதிர்மறையாக்கினால் முன்னால் போய்விடும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ரப்பர் துளிர்க்கும் காலத்துக்கு முன்னால் இன்னொரு பயிற்சி இருக்கிறது. குளச்சல் நண்பர் சொன்ன தொடரையே எழுதி, நாளையும் நேரத்தையும் கீழே குறித்து, இன்று காலை அனுப்பிவிட்டேன். "வருகிறேன், காத்திருக்க மாட்டேன்" என்று அம்மையார் பதில் எழுதியிருக்கிறார்.