'24' ஆறாவது சீசன்: மிச்சத்தில் எதைப் பார்ப்பது?

'24' என்ற அமெரிக்க டிவி திரில்லர் தொடரின் ஆறாவது சீசனில் (2007) 13ஆம் எபிசோடோடு நின்றுவிட்டேன். முதல் நான்கும் அபாரம்: சீனச் சிறையிலிருந்து 20 மாதம் கழித்துத் திரும்பும் நாயகன் ஜாக், சக ஏஜென்ட் கர்ட்டிஸை அவன் சுடும் காட்சி, கலிஃபோர்னியாவின் வேலன்சியாவில் வெடிக்கும் அணுகுண்டு. அத்தனை பெரிய வெடிப்பை நாலாவதிலேயே வைத்துவிட்டால் பதற்றம் அதற்குமேல் எங்கே ஏறும்? ஜாக்கின் அப்பா பிலிப், சகோதரன் கிரேம் என்று கதை குடும்பத்துக்குள் சுருங்கிவிட்டது. எம்மி விருது வாங்கிய ஐந்தாம் சீசனுக்கு அடுத்து இப்படியா!

தினம் ஒன்றாகப் பார்த்தேன், நான்கு நான்காகவும் பார்த்தேன். வெள்ளை மாளிகைக் காட்சிகளை ஓட்டிவிட்டால் துணை அதிபர் டேனியல்ஸ் விவகாரம் பிடிபடவில்லை. சுருக்கம் படித்தாலும் சீனர்கள் பகுதி ஒட்டவில்லை.

அடுத்து வந்த டிவி படம் 'ரிடெம்ப்ஷன்' (2008), ஏழாம் சீசன் இரண்டும் புரிய, மீதி 11 எபிசோடுகளில் கட்டாயம் பார்க்க வேண்டியவை எவை?