மறு: 'படியெடுப்புக் காரணி' போதாதா?

அன்பர்களுக்கு வணக்கம். புற்றுநோய்ப் பரிசோதனை அறிக்கைகளை வாசித்துச் சொல்பவர்களுக்காக நாம் போடும் தமிழ்ச் சொற்பட்டியல் பற்றிக் குழுவில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டருக்குப் 'படியெடுப்புக் காரணி' என்று ஏற்கெனவே சொல் இருக்கிறது. எதற்கு இன்னொன்று?

ஐயா, மரபணுவைப் படியெடுத்து வேலை செய்யவைப்பதையோ அடக்கி வைப்பதையோ தீர்மானிக்கும் புரதத்துக்குப் பாடநூலில் அந்தச் சொல் போதும். எனக்குச் சிக்கல் அந்தக் 'காரணி'யில்தான்.

நான் இருப்பது மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் சுங்கை சிப்புட்டில். சுற்று ரப்பர் தோட்டங்களில் இருந்தவர்கள் பலரும் இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் இருக்கிறார்கள். ஈப்போவில் திசுப் பரிசோதனை செய்து அறிக்கை வந்தால், "சார், இதுல என்னா எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்று எடுத்து வருவார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் படித்தது மலாயில். டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டரை மலாயில் 'பக்தோர் திரான்ஸ்கிரிப்சி' என்றால் அவர்களுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தமிழ்தான். 'நோய்க் காரணி' என்று நாளிதழில் படித்துப் பழகிய அந்த அம்மாவிடம் போய், "உங்களுக்கு இந்தக் காரணி பாசிட்டிவ்" என்றால் என்ன நினைப்பார்? நோயைக் கொண்டுவந்ததே அதுதான் என்று நினைப்பார். ஆனால் அறிக்கை சொல்லவருவது, மருந்து எடுபடும் என்ற நல்ல செய்தியை.

மார்பகப் புற்றில் பார்க்கும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை, அதாவது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் மரபணுக்களை ஆளும் புரதம்தான். ஹார்மோன் வந்து சேர்ந்ததும் டி.என்.ஏ.வில் தனக்குரிய இடங்களைப் பற்றிக்கொண்டு, எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. தோட்டத்தில் காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில்) நிற்கும் மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், மாதிரி. அவர் ஒரு ரப்பர் மரமும் வெட்டமாட்டார். இன்றைக்கு எந்த நிரையில் வெட்டு என்பது மட்டும் அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

1950களின் பிற்பகுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனைப் பின்தொடர்ந்து போய்த்தான் இந்த ஏற்பியைக் கண்டார். மார்பகப் புற்றுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்றில் இது இருக்கிறது. இருந்தால் தமொக்சிஃபென் கொடுக்கலாம். அந்த மருந்து ஈஸ்ட்ரோஜன் உட்காரும் குழியில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்காவில் அதற்கு 1977இல் ஒப்புதல் கிடைத்தது. 2002இல் ஒப்புதல் பெற்ற ஃபுல்வெஸ்ட்ரன்ட் இன்னும் ஒரு படி மேலே போய், ஏற்பியையே சிதைய வைக்கிறது. ஆக, 'பாசிட்டிவ்' என்றால் மாத்திரைக்குப் பிடி கிடைத்திருக்கிறது என்று பொருள். அதைக் குற்றவாளிபோல் காட்டும் சொல் வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

> அப்படியானால் 'ஏற்பி' என்றே எல்லாவற்றுக்கும் சொல்லிவிடலாமே?

முடியாது தம்பி. மனித உடலில் மரபணுவை ஆளும் இந்த வகைப் புரதங்கள் சுமார் 1,600 உண்டு. அவற்றில் ஹார்மோனை ஏற்கும் குழி உள்ளவை ஐம்பதுக்குள்தான். பெரும்பாலானவற்றில் மருந்து நுழைய இடமே இல்லை; டி.என்.ஏ.வோடும் மற்றப் புரதங்களோடும் அகலமான பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன, சில பகுதிகளுக்கு நிலையான வடிவம்கூடக் கிடையாது. மிக் என்ற புரதம் எத்தனையோ புற்றுகளில் அளவுமீறிக் கிடக்கிறது. இத்தனை ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் அதை நேரடியாகப் பிடிக்கும் மருந்து மருத்துவமனைக்கு வந்து சேரவில்லை. அதை ஏற்பி என்றால் தப்பு.

இதுவரை வந்த மற்றச் சொற்களைப் பார்ப்போம். 'மரபேவி' காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தப் புரதங்களில் பல, மரபணுவை அடக்கி வைப்பவை; ஏவுவது பாதி வேலைதான். அப்புறம், எங்கள் ஊரில் 'ஏவல்' என்றால் பில்லி சூனியம். உடம்புக்குள் ஏவி இருக்கிறது என்று சொன்னால் கிளினிக்குக்குப் போகிற காரை முனியாண்டி கோயிலுக்குத் திருப்பிவிடுவார்கள்! 'படியாளி' என்று ஒருவர் எழுதியிருந்தார். படியெடுப்பை ஆள்வது என்ற கணக்கு சரி. ஆனால் நெல்லைப் படியால் அளந்து கூலி வாங்கிய பண்ணையாளுக்கும் படியாள் என்றுதான் பேர். அந்த வாழ்க்கையை விட்டுக் கப்பலேறி வந்தவர்களின் பேரன் நான். எனக்கு அந்தச் சொல் இறங்கவில்லை.

என் பரிந்துரை 'மரபணு ஆளிப் புரதம்'. இலங்கைப் பாடநூல்களில் மின்சார சுவிட்சுக்கு 'ஆளி' என்று பெயர். போடுவதற்கும் அணைப்பதற்கும் அது ஒன்றே. ஆள்வது என்ற பொருளும் உள்ளேயே கிடக்கிறது. ஆளி விதையோடு குழம்பும் என்பீர்கள். மரபணு என்று முன்னால் வந்தபிறகு யாரும் அதை வறுத்துத் தின்னப் போவதில்லை. 'புரதம்' என்ற வாலை வெட்டாதீர்கள். 2024 நோபல் பரிசு பெற்ற ஆம்ப்ரோஸ், ரவ்கன் கண்டுபிடித்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் மரபணுவைக் கட்டுப்படுத்துவதுதான், ஆனால் அது புரதமில்லை.

அடுத்து பயோமார்க்கர், அதாவது உடலின் நிலையைச் சோதனையில் காட்டும் அடையாளம். அதற்கு 'நோய்காட்டி' வேண்டாம். ஏற்பிச் சோதனை நடப்பது புற்று என்று உறுதியான பிறகு. அது காட்டுவது எந்த மருந்து எடுபடும் என்பதை. சும்மா 'குறிகாட்டி' என்றால் நோயைக் காட்டுவது, மருந்தைக் காட்டுவது இரண்டுக்கும் பொருந்தும். டிரக் டார்கெட்டுக்கு 'மருந்து இலக்கு' எல்லாருக்கும் சம்மதம் போல, அதை விட்டுவிடுவோம்.

பாடநூல் எழுதுகிறவர்கள் படியெடுப்புக் காரணியையே வைத்துக்கொள்ளட்டும், சண்டையில்லை. அறிக்கையை வாசித்துச் சொல்லும் தாதியருக்கும் தொண்டர்களுக்கும் போடும் பட்டியலில் மட்டும் 'மரபணு ஆளிப் புரதம்' இருக்கட்டும். மறுப்பு உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். ஆளிப் புரதத்தோடு சேர்ந்து மரபணுவை இயக்க உதவும் கோஆக்டிவேட்டருக்கு 'உடனியக்கி' என்று போட்டிருக்கிறேன், அதையும் ஒருமுறை பாருங்கள்.