காற்றில் விலகிப்போன சிறிய ட்ரோன்: கோளாறு கருவியிலா, கையிலா?

உடுமலைவாசி (கேள்வி):

வணக்கம். 250 கிராமுக்கும் குறைவான எடையுள்ள கேமரா ட்ரோன் ஒன்றை நண்பரிடமிருந்து விலைக்கு வாங்கி, மூன்று வாரங்களாகப் பழகி வருகிறேன். எங்கள் ஊர் உடுமலைப்பேட்டைக்கு அருகில் இருக்கிறது. சென்ற ஞாயிறு மாலை வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஏற்றியபோது, பத்து மீட்டர் உயரத்தில் அது கட்டிப்போட்டதுபோல அசையாமல் நின்றது. அந்தத் துணிவில் அறுபது மீட்டர் வரை ஏற்றி, ஊருக்குக் கிழக்கே உள்ள குளத்தைப் படமெடுக்க அனுப்பினேன். திரும்ப அழைக்க முயன்றபோதுதான் சிக்கல் தொடங்கியது. ட்ரோனின் முகம் என்னைப் பார்த்து இருந்ததால், நான் ரிமோட்டின் ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் அது என் பார்வைக்கு வலப்பக்கம் சென்றது. பதறிப்போய் வீடு திரும்பும் பொத்தானை அழுத்தினேன். அதுவோ இன்னும் மேலே ஏறி, என்னை நோக்கி வருவதற்குப் பதிலாக மெல்ல மெல்லக் கிழக்கே விலகி, பேட்டரி தீரும் தறுவாயில் தானாகவே இறங்கி ஒரு தென்னந்தோப்பில் விழுந்தது. மட்டைகள் தாங்கிக்கொண்டதால் கேமரா பிழைத்தது. இரண்டு இறக்கைகள் உடைந்தன. கருவியில் கோளாறா, என் கையில் கோளாறா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மேல்காற்று:

கருவி தனக்கு இடப்பட்ட வேலையைத்தான் செய்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் மேல்காற்றை நம்பித்தான் உங்கள் வட்டாரத்தில் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அம்மியையே பறக்கவைக்கும் என்று சொல்லப்படும் ஆடிக் காற்றுக்கு உங்கள் கால் கிலோ எம்மாத்திரம்?

ஜி.பி.எஸ். உதவியால் ட்ரோன் ஓரிடத்தில் நிற்கிறது என்றால், காற்று தள்ளும் அளவுக்கு அது எதிர்ப்பக்கம் சாய்ந்து தன்னைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கீழே வீடுகளும் மரங்களும் காற்றை உடைத்துவிடுவதால், பத்து மீட்டரில் காணும் அமைதியை வைத்து அறுபது மீட்டரை எடைபோட முடியாது. எடுத்துக்காட்டாக, டி.ஜே.ஐ. மினி 2 வகை ட்ரோன் சாதாரண நிலையில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கும். எதிர்க்காற்றும் அதே வேகத்தில் வீசினால், அது முழுமூச்சாகப் பறந்தும் நின்ற இடத்திலேயே நிற்கும், காற்று இன்னும் சற்று வலுத்தால் பின்னால்தான் போகும். வீடு திரும்பும் பொத்தானோ, மரத்திலும் கட்டடத்திலும் மோதாமலிருக்க, முன்கூட்டிக் குறித்துவைத்த உயரத்துக்கு முதலில் ஏறச் செய்கிறது. அதாவது, காற்றுக்குத் தோற்றுக்கொண்டிருந்த ட்ரோனைக் காற்று இன்னும் பலமாக வீசும் இடத்துக்கே நீங்கள் அனுப்பியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் பொத்தானை ரத்து செய்து, மரங்களுக்குச் சற்று மேலே வரும்வரை இறக்கி, வேகம் கூடிய ஸ்போர்ட் நிலைக்கு மாற்றி, வீட்டை நோக்கி ஸ்டிக்கை முழுதாகத் தள்ளியிருந்தால் பெரும்பாலும் வந்து சேர்ந்திருக்கும். இனிமேல் போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். அப்போது திரும்பும் வழியில் காற்றே துணையாக இருக்கும்.

கல்யாணக்கேமரா:

மேலே நண்பர் சொன்னது சரியே. ஆனால் வீடு திரும்பும் பொத்தான் மீதே பயம் வந்துவிட வேண்டாம். சிக்னல் அறுந்துபோனால் அதுதான் காப்பாற்றும். ஒவ்வோர் இடத்திலும் சுற்றியுள்ள மிக உயர்ந்த மரத்தைப் பார்த்து, அதைவிடப் பத்துப் பதினைந்து மீட்டர் கூடுதலாக, வீடு திரும்பும்போது ஏற வேண்டிய உயரத்தை நீங்களே குறித்துவையுங்கள்.

எனக்கு உறுத்துவது மொட்டை மாடிதான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் ட்ரோனின் திசைகாட்டியைக் குழப்பக்கூடும். அவசரமாக ஏற்றினால், புறப்பட்ட இடம் பதிவாகும் முன்பே ட்ரோன் கிளம்பிவிடவும் கூடும். வெட்டவெளியில் தரையிலிருந்து, போதிய செயற்கைக்கோள்கள் கிடைத்து, புறப்பட்ட இடம் பதிவாகிவிட்டதாகச் செயலி அறிவித்த பிறகே ஏற்றுங்கள். விழுந்த பேட்டரி சிறிதளவு உப்பியிருந்தாலும் அதை மறுபடி சார்ஜ் செய்ய வேண்டாம்.

தும்பி:

இடம் வலம் மாறும் சிக்கலுக்கு ஒரே மருந்து பயிற்சிதான். அதுவரை இந்த ஒரு வழியை நினைவில் வையுங்கள்: முகம் உங்களைப் பார்த்திருக்கும் ட்ரோன் உங்கள் கண்ணுக்கு எந்தப் பக்கம் சாய்ந்து போகிறதோ, சாயும் சுவருக்கு முட்டுக்கொடுப்பதுபோல அதே பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினால் அது நின்றுவிடும். அதற்கும் கை வராவிட்டால், ட்ரோனைத் திருப்பி அதன் முதுகு உங்களைப் பார்க்கச் செய்த பிறகு மற்றதைச் செய்யுங்கள். விடியற்காலையில் திடலில் தலையுயரத்துக்குச் சற்று மேலே நிறுத்தி, ஒரு பேட்டரி முழுவதையும் முகம் பார்த்த நிலையிலேயே செலவிடுங்கள். படம் எடுக்கும் ஆசையை அன்று வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

விதிகளையும் சொல்லிவிடுகிறேன். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையிலான நானோ வகைக்கு ஓட்டுநர் சான்றிதழ் வேண்டியதில்லை. ஆனால் ட்ரோனைப் பதிவு செய்து அடையாள எண் பெறுவதைத் தனியே செய்தாக வேண்டும். முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது ஏறத்தாழ 120 மீட்டர்தான் எல்லை. பல்லடம் பக்கம் போனால் சூலூர் விமானப்படைத் தளம் இருக்கிறது. மண்டல வரைபடத்தைப் பார்க்காமல் அங்கே பெட்டியைக்கூடத் திறக்காதீர்கள்.

உடுமலைவாசி:

அனைவருக்கும் நன்றி. இன்று காலை ஆறு மணிக்குத் திடலுக்குச் சென்றேன்; காற்று அடங்கியிருந்தது. ஆனால் புதிய இறக்கைகளைப் பொருத்தி ஏற்ற முயன்றதும், எழும்புவதற்கு முன்பே ட்ரோன் குப்புறக் கவிழ்ந்துவிட்டது. இது எதனால்?

கல்யாணக்கேமரா:

இறக்கைகளை இடம் மாற்றிப் போட்டிருப்பீர்கள். இரண்டு மோட்டார்கள் வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் சுற்றுவதால் இறக்கைகளும் இரு வகைப்படும். உங்கள் ட்ரோனிலும் கோடு போட்ட இறக்கைகள் இருந்தால், அவற்றை, மோட்டாரைத் தாங்கும் ட்ரோனின் கைகளில் கோடு போட்டவற்றில் மட்டும் பொருத்துங்கள். கவிழ்ந்தபோது மோட்டாருக்குள் மண் புகுந்திருக்கும். ஊதிச் சுத்தம் செய்து, விரலால் சுற்றிப் பார்த்து, தடையில்லாமல் சுழன்றால் மட்டும் ஏற்றுங்கள்.